சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன்

சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் (டிசம்பர் 6, 1878 - மே 12, 1937) ஒரு பிரித்தானிய நரம்பியல் மருத்துவர் ஆவார். உடலில் செப்பு தேங்குவதால் கல்லீரலும் மூளையும் பழுதுறும் வில்சன் நோயை 1912 ஆம் ஆண்டில் விரிவாக விளக்கியவர் இவரே. எனினும், அந்நோய்க்குச் செப்பே காரணம் என்பது இவரது மறைவுக்குப் பின்னரே உறுதிப்பட்டது.

வாழ்க்கைச் சுருக்கம்

வில்சன் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள சீடர்வில் என்னும் ஊரில் பிறந்தார். இவரது குழந்தைப் பருவத்திலேயே தந்தை இறந்ததால், குடும்பத்தினர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குக் குடிபெயர்ந்தனர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1902 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் பாரிசில் பியேர் மாரி, ஜோசப் பாபின்ஸ்கி ஆகியோரிடம் பயின்றார். 1904 இல் லண்டன் குயின் சதுக்கத்தில் உள்ள தேசிய மருத்துவமனையில் சேர்ந்தார். 1920 இல் நரம்பியலுக்கும் உளநோயியலுக்குமான ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார்.

1912 ஆம் ஆண்டு ஆய்வு

நடுக்கம், தசை இறுக்கம், பேசவும் விழுங்கவும் இயலாமை ஆகியவற்றால் துன்புற்று இளவயதிலேயே இறந்த நோயாளிகளை வில்சன் ஆராய்ந்தார். மூளையின் ஆழத்தில் உள்ள வில்லை வடிவ நரம்பணுத் திரள் சிதைந்திருந்ததையும், கல்லீரல் தழும்பேறிச் சுருங்கியிருந்ததையும் ஒருங்கே கண்டறிந்தார். இவ்வாய்வேட்டிற்கு எடின்பரோ பல்கலைக்கழகம் 1911 இல் தங்கப் பதக்கம் வழங்கியது. மறு ஆண்டு அது 200 பக்கங்களுக்கு மேற்பட்ட கட்டுரையாக வெளிவந்தது. கல்லீரல் கேட்டுடன் தொடர்புடைய ஏதோ ஒரு நச்சுப்பொருள் மூளையைத் தாக்குகிறது என்பது இவரது கருத்து. இந்நோய் குடும்பங்களில் காணப்படினும் மரபுவழி வருவதன்று என்றும் கருதினார். முதற்கருத்து பெரிதும் சரியாக அமைந்தது, இரண்டாவது தவறானது.

செப்பும் உயிரணு இறப்பும்

உணவில் வரும் மிகையான செப்பைக் கல்லீரல் பித்தநீர் வழியே வெளியேற்றுகிறது. இதற்குத் தேவையான புரதத்தை உருவாக்கும் ஏடிபி7பி என்னும் மரபணு 1993 இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படி கிடைத்தவருக்குச் செப்பு கல்லீரலில் தேங்குகிறது.

தேங்கிய செப்பு உயிரணுக்களைப் பல வழிகளில் கொல்கிறது:

* நசிவு: ஆக்சிசனேற்றத்தால் படலங்களும் இழைமணிகளும் சிதைந்து, உயிரணு வீங்கி வெடிக்கிறது. உள்ளடக்கம் வெளியே கசிந்து அழற்சியைத் தூண்டுகிறது.
* திட்டமிட்ட இறப்பு: உயிரணு தன்னைத்தானே ஒழுங்காகப் பிரித்து அழித்துக்கொள்வதைத் தடுத்து நிற்கும் ஒரு புரதம், செப்பு பிணைந்ததும் வடிவம் மாறிச் செயலிழக்கிறது.
* குப்ரோப்டோசிஸ்: இழைமணியில் லிப்போயிக் அமிலம் ஏந்திய புரதங்களுடன் செப்பு பிணைந்து, அவற்றைத் திரளச் செய்கிறது. இவ்வழி 2022 இல் விளக்கப்பட்டது. வில்சன் நோயில் இதன் பங்கு ஆராயப்பட்டு வருகிறது.

இறக்கும் கல்லீரல் உயிரணுக்களிலிருந்து வெளியாகும் செப்பு குருதியில் கலந்து மூளையை அடைகிறது. வில்சன் ஊகித்த நச்சுப்பொருள் இவ்வுலோகமே.

மறைவும் பின்னரும்

வில்சன் 1937 இல் புற்றுநோயால் காலமானார். இவர் எழுதிய நரம்பியல் பாடநூல் 1940 இல் வெளியானது. 1956 இல் ஜான் வால்சு, செப்பைப் பிணைத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றும் பெனிசில்லமைன் மருந்தை அறிமுகப்படுத்தினார். வில்சன் அறிந்த அளவில் தப்பாது உயிர்பறித்த இந்நோய், இன்று முன்னரே கண்டறிந்து வாழ்நாள் முழுவதும் மருந்துண்டால் கட்டுப்படுத்தத்தக்கதாக உள்ளது.