கூடைப்பந்து கண்ட ஜேம்ஸ் நெய்ஸ்மித்

தாம் தொடங்கிய தொழிலில் தம் மாணாக்கன் தம்மினும் மேம்படக் கண்டு மனங்குளிரும் ஆசிரியர் உலகில் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், கூடைப்பந்து என்னும் விளையாட்டை ஆக்கியளித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார். தென்காசி, அச்சன்புதூர் முதலிய ஊர்களில் வளரும் நம் சிறுவர் பந்தெடுத்து ஆடுங்கால், இப்பெரியாரின் வரலாற்றையும் அறிந்து ஆடுதல் நலமெனக் கருதி, அதனைச் சுருக்கி ஈண்டு எழுதலுற்றோம்.

இவர் கனடா தேசத்து அல்மாண்ட் என்னும் ஊரையடுத்து 1861ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி பிறந்தார். 1870இல் தாய் தந்தையர் இருவரும் விஷஜுரத்தால் மாண்டனர். தாய்மாமன் ஆதரவில் வளர்ந்த இவர், இடையே படிப்பை விடுத்து மரம் வெட்டும் தொழில் புரிந்து, மீண்டும் பள்ளி புகுந்தார். மக்கில் சர்வகலாசாலையில் 1887இல் பட்டம் பெற்று, 1890இல் வேதசாஸ்திரக் கல்வியையும் முடித்தார். குருப்பட்டம் ஏற்றற்குரிய இவர், நல்லொழுக்கத்தை விளையாட்டின் வாயிலாகவும் புகட்டலாம் என்று துணிந்து, அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரத்து வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தாரின் பயிற்சிக் கலாசாலையை அடைந்தார்.

1891ஆம் ஆண்டின் பனிக்காலத்தில், வெளியே ஆட இயலாது சலிப்புற்றிருந்த மாணவருக்குப் புதியதோர் ஆட்டம் வகுக்குமாறு தலைவர் லூதர் கூலிக் இவரைப் பணித்துப் பதினான்கு நாள் தவணையும் அளித்தார். பந்தைக் கையிலேந்தி ஓடுவதனாலன்றோ ஒருவரையொருவர் தள்ளி வீழ்த்த நேர்கின்றது என ஆராய்ந்து, அவ்வாறு ஓடுதலை விலக்கினார். இலக்கைத் தலைக்கு மேலே வைப்பின் வலிமையினும் நிதானமே வேண்டப்படும் எனத் தெளிந்து, பீச்சுப் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அறைவித்தார். விதிகள் பதின்மூன்று; ஆடினோர் பக்கத்திற்கு ஒன்பதின்மராகப் பதினெண்மர். டிசம்பர் மாதத்தில் நிகழ்ந்த முதலாட்டத்தில் ஒரே ஒரு முறைதான் பந்து கூடையில் வீழ்ந்தது.

நிற்க. 1898இல் வைத்தியப் பட்டமும் பெற்று, கான்ஸாஸ் சர்வகலாசாலையில் தேகப்பயிற்சி ஆசிரியராக அமர்ந்தார். அங்கே 1907 வரை அவர் பொறுப்பிலிருந்த கூடைப்பந்துக் குழு 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றது. வெற்றிக்காகக் குழுவை உருட்டி மிரட்டுதல் அவர் இயல்பன்று. பன்முறை நடுவராகவே நின்றார். அவர்பால் பயின்ற பாரஸ்ட் ஆலன் என்னும் இளைஞர் பயிற்சியாளராக விழைந்தபோது, இஃது ஆடுதற்குரியதேயன்றிக் கற்பித்தற்குரியதன்று எனக் கூறினாரென்பர். எனினும் 1907இல் அவ்விளைஞரே ஆசானுக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றார். 1909 முதல் 1919 வரை ஹாமில்டன் என்பார் நடத்த, பின் மீண்டும் வந்த ஆலன் 1956 வரை தலைமை வகித்து, அங்கு மொத்தம் 590 வெற்றிகள் ஈட்டினார். 1952இல் தேசியக் கலாசாலைப் பட்டத்தையும் வென்றார். அவர்பால் பயின்ற அடால்ப் ரப் கென்டக்கியிலும், டீன் ஸ்மித் வட கரோலினாவிலும் புகழ்பெற்ற பயிற்சியாளராயினர். நெய்ஸ்மித் முதல் 2003இல் அமர்ந்த பில் செல்ப் வரை கான்ஸாஸ் குழுவின் தலைமைப் பயிற்சியாளராக எண்ணப்படுவோர் எண்மரே. அவருள் வென்றதினும் தோற்றது மிகுதியாக உடையவர் ஆட்டத்தை ஆக்கியவர் ஒருவரே!

இதனால் அவர் சிறுமையுற்றாரோ எனின், இல்லை. 1933இல் ஜான் மெக்லெண்டன் என்னும் கறுப்பின மாணவர் அக்கலாசாலைக்கு வந்தார். நிறம் காரணமாகக் குழுவில் ஆட அவருக்கு இடமளிக்கப்படவில்லை. நெய்ஸ்மித் அவரைத் தம் மாணாக்கராகக் கொண்டு பயிற்றுங்கலையை உணர்த்தினார். பிறப்பைக் காட்டி வாயில் அடைக்கப்பட்ட அவரே, பிற்காலத்தில் டென்னஸியில் ஒரு கலாசாலைக் குழுவை 1957 முதல் மூன்றாண்டு தொடர்ந்து தேசியப் பட்டம் வெல்லச் செய்தார். அறிவைப் பிறப்பால் அளப்போர் இதனை உற்று நோக்குக.

1936இல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களில் கூடைப்பந்து இடம்பெற்றபோது, பயிற்சியாளர் சங்கத்தார் பொருள் திரட்டி நெய்ஸ்மித்தை அங்கு அனுப்பினர். அம்முயற்சியில் முன்னின்றவர் மாணாக்கராகிய ஆலனே. தம் ஆட்டத்தால் பெரும்பொருள் ஈட்ட முயலாத அப்பெரியார் 1939ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி தமது 78ஆம் வயதில் காலமாயினார். அவர் பயின்ற சங்கத்தின் வழியினரே நம் நாட்டிலும் தேகப்பயிற்சியைப் பரப்பினர். 1920இல் ஹாரி பக் என்பார் சென்னையில் நிறுவிய வொய்.எம்.ஸி.ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலை அதற்குச் சான்றாகும்.

கான்ஸாஸில் 1955இல் திறக்கப்பெற்ற ஆட்டமண்டபம் ஆலன் பெயர் தாங்கி நிற்கின்றது. அதனுள் அமைந்த ஆடுதளமோ நெய்ஸ்மித் பெயருடையது. ஓங்கிய கூரை மாணாக்கனுக்கு. அனைவரும் ஊன்றி நிற்கும் தரை ஆசானுக்கு. சங்கங்களிலும் கலாசாலைகளிலும் தலைமை வகிக்கும் பெரியோர், தமக்குப்பின் வருவோர் தம்மை வெல்லுதற்கு வழிவிடுதலே தாம் அடையும் மெய்யான வெற்றியென உணர்வாராக.