சூப்பர்மேன் அசைத்த ஒரு விரல்

சூப்பர்மேன் படம் பார்த்திருக்கீங்களா? 1978இல் வந்த படத்தில் வானத்தில் பறந்தாரே, அவர்தான் கிறிஸ்டோபர் ரீவ். 1952இல் நியூயார்க்கில் பிறந்தவர். நிஜ வாழ்க்கையிலும் விமானம் ஓட்டுவார், படகு விடுவார், குதிரை ஏறுவார்.

1995 மே 27. வர்ஜீனியாவில் குதிரைப் போட்டி. தடையைத் தாண்ட ஓடிய குதிரை சட்டுன்னு நின்றுவிட, ரீவ் தலைகுப்புற விழுந்தார். தலைக்குக் கீழே இருக்கும் முதல் இரண்டு முள்ளெலும்புகள் உடைந்தன. தண்டுவடத்தில் பலத்த அடி. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. மூச்சு விடக்கூட இயந்திரம்தான். மனசு ஒடிஞ்சு போனவரை மனைவி டேனாதான் தேற்றினார்.

ஓரிரு வருஷம் கழிந்தால் இனி முன்னேற்றம் வராது என்பது அன்றைய மருத்துவர்கள் பலரின் எண்ணம். ஆனாலும் ரீவ் பயிற்சியை விடவில்லை. மின்சாரத் தூண்டுதல் கொடுத்து, கால்களை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். 2000ஆம் ஆண்டு அவருடைய இடது கை ஆள்காட்டி விரல், அவர் நினைத்தபடி அசைந்தது!

இது எப்படி? செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஸ்கேன் கருவி மூலம் அவர் மூளையைப் பார்த்தார்கள். அறிவியல் நோட்டில் மூளைப் படம் வரைந்து பாகம் குறிக்கிறோமே, அந்த இடங்கள் எப்பவும் மாறாதுன்னுதான் நான் நினைச்சிருந்தேன். மூளையில் தொடு உணர்வுக்கு ஒரு பகுதி உண்டு. அதில் கைக்கு ஓர் இடம், பக்கத்திலேயே முகத்துக்கு ஓர் இடம். ரீவ் நாக்கை அசைத்தபோது கைக்கான இடமும் சேர்ந்து வேலை செய்தது! காலியாக் கிடந்த வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் குடிவந்த மாதிரி.

அதைவிட ஆச்சரியம் இன்னொன்று. பாதத்தில் அதிர்வு கொடுத்தபோது, பாதத்துக்கு உரிய அதே இடம் பதில் தந்தது. அசைவுக்கான பகுதியும் பெரும்பாலும் பழையபடியே இருந்தது. பல வருஷம் வேலையே இல்லாமல் இருந்தும் மூளை அந்த இடங்களை விட்டுக்கொடுக்கவில்லை. 2002இல் இந்த ஆய்வு வெளியானது. பல வருஷம் ஆனாலும் பயிற்சி வீண் இல்லை என்ற நம்பிக்கையை அது தந்தது.

உடம்பின் பல இடங்களில் தொடு உணர்வு திரும்பினாலும், ரீவால் கடைசிவரை எழுந்து நடக்க முடியவில்லை. 2004 அக்டோபர் 10 அன்று, 52 வயதில் காலமானார்.

படத்தில் அவர் பறந்ததைவிட, அந்த ஒரு விரல் அசைந்ததுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது. உங்களுக்கு?