களிமண்ணில் பிறந்த கார்கள்

மழை விட்டதும் வாசலில் ஈர மண்ணைப் பிசைந்து வண்டி செய்து விளையாடியிருக்கிறீர்களா? சட்டையெல்லாம் சேறாக்கிக் கொண்டு அம்மாவிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். அப்படி மண்ணில் கார் செய்து விளையாடிய ஒரு பையன், பிற்காலத்தில் அமெரிக்கக் கார்களின் உருவத்தையே மாற்றி விட்டார். அவர் பெயர் ஹார்லி ஏர்ல்.

1893-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தவர் ஏர்ல். அவருடைய அப்பா லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குதிரை வண்டிகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். மோட்டார் கார் வந்ததும், கார்களுக்கு பாடி கட்டும் தொழிலுக்கு மாறினார். நம் ஊரில் லாரிக்கும் பஸ்சுக்கும் பாடி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் பணக்காரர்களின் கார்களுக்கும் அப்படித்தான். கம்பெனியிலிருந்து இன்ஜினும் சக்கரங்களும் பூட்டிய வெறும் சட்டம் வரும். அதன்மேல் அவரவர் விருப்பப்படி உடம்பைக் கட்டிக் கொள்வார்கள்.

ஏர்லுக்குப் பதினாறு வயது இருக்கும்போது குடும்பத்தோடு ஒரு மலைப்பகுதியில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். பெருமழை பெய்து, நல்ல களிமண் குழைந்து கிடந்தது. அண்ணன் தம்பிகள் அந்த மண்ணில் விதவிதமான கார்களைச் செய்து அடுக்கினார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஏர்ல், படிப்பை முடிக்கவில்லை. அப்பாவின் பட்டறைக்கே திரும்பி வந்தார். பட்டறைக்குப் பக்கத்திலேயே ஹாலிவுட் வளர்ந்து கொண்டிருந்தது. சினிமா நடிகர்களுக்கு மற்றவர்களிடம் இல்லாத கார் வேண்டும். கேட்க வேண்டுமா! டாம் மிக்ஸ் என்று குதிரை வீரனாக நடித்துப் புகழ்பெற்ற ஒரு நடிகர் இருந்தார். அவருடைய காரின் கூரைமேல் ஒரு குதிரைச் சேணத்தையே ஏர்ல் வைத்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

1919-இல் அந்தப் பட்டறையை ஒரு காடிலாக் கார் வியாபாரி வாங்கினார். ஏர்ல் அங்கேயே தொடர்ந்து வேலை செய்தார். ஒருநாள் காடிலாக் கம்பெனியின் தலைமை அதிகாரி லாரன்ஸ் ஃபிஷர் அந்தப் பட்டறையைப் பார்க்க வந்தார். அங்கே அவர் கண்ட காட்சி அவரை வியப்பில் ஆழ்த்தியது. மற்ற பட்டறைகளில் மரச்சட்டம் அடித்து, தகட்டைத் தட்டித் தட்டி உருவம் கொண்டு வருவார்கள். இந்த வாட்டசாட்டமான இளைஞரோ களிமண்ணில் காரைச் செய்து கொண்டிருந்தார்!

இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறீர்களா? தகட்டை ஒருமுறை வளைத்து விட்டால் மாற்றுவது கடினம். களிமண் அப்படியல்ல. வேண்டாத இடத்தில் சுரண்டலாம், வேண்டிய இடத்தில் அப்பலாம். பானெட், மட்கார்டு, கூரை என்று தனித்தனியாகச் செய்து ஒட்டாமல், முழுக் காரையும் ஒரே உடம்பாக நினைத்துப் பார்க்கலாம். மனதுக்குப் பிடித்த பிறகு தகட்டில் செய்தால் போதும்.

ஏர்லை அழைத்து, லாசால் என்ற புதிய காரை வடிவமைக்கச் சொன்னார்கள். 1927-இல் அது விற்பனைக்கு வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அதே ஆண்டில் காடிலாக், பியூக், ஷெவர்லே எல்லாவற்றுக்கும் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன், காரின் அழகுக்கென்றே ஒரு தனிப்பிரிவைத் தொடங்கி ஏர்லைத் தலைவராக்கினார்.

பழைய இன்ஜினீயர்களுக்கு இது பிடிக்கவில்லை. அழகு நிலையம் என்று கேலி செய்தார்கள். ஓடுகிற வண்டிக்கு அலங்காரம் எதற்கு என்பது அவர்கள் எண்ணம். 1929-இல் ஏர்ல் வடிவமைத்த பியூக் காரில், தொழிற்சாலைக்காரர்கள் அளவுகளை மாற்றி விட்டார்கள். உயரம் கூடியது. பக்கவாட்டில் வயிறு உப்பியது போலத் தெரிந்தது. ஜனங்கள் பார்த்துச் சிரித்தார்கள், விற்பனையும் இறங்கியது. அதன்பிறகு தன் பிரிவில் முடிவான வடிவத்தில் யாரும் கைவைக்காதபடி ஏர்ல் பார்த்துக் கொண்டார். கோபக்காரர். அவருக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு அவரைக் கண்டால் நடுக்கம்தான்!

இனிதான் முக்கியமான கட்டம். 1938-இல் ஏர்ல் ஒரு காரைச் செய்தார். அதை விற்பதற்காகச் செய்யவில்லை. வருங்காலக் கார் எப்படி இருக்கலாம் என்று காட்டுவதற்காகச் செய்தார். அதன் பெயர் பியூக் ஒய்-ஜாப். அந்நாளைய கார்கள் பெட்டி போல உயரமாக இருக்கும், ஏறுவதற்குப் பக்கத்தில் ஃபுட்போர்டு இருக்கும். ஒய்-ஜாப் தாழ்வாக, நீளமாக, கறுப்பு நிறத்தில் சிறுத்தை பதுங்குவது போல நின்றது. ஹெட்லைட்டுகள் வேண்டாதபோது மூடிக்குள் மறைந்து கொள்ளும். கண்ணாடிகள் மின்சாரத்தில் ஏறி இறங்கும். இன்று உங்கள் ஊர் வாடகைக் காரிலும் இருக்கும் வசதிதான். 1938-இல் அது கனவு!

ஏர்ல் அந்தக் கனவுக் காரை அலமாரிப் பொம்மையாக வைக்கவில்லை. தினமும் தானே ஓட்டிக்கொண்டு போனார். தெருவில் நின்று பார்ப்பவர்களின் முகத்தைக் கவனித்தால், எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று தெரிந்து விடாதா? பல கம்பெனிகள் இன்று காட்சிக்கென்று செய்கிற கனவுக் கார்களுக்கெல்லாம் முன்னோடி என்று இந்தக் காரைத்தான் சொல்கிறார்கள்.

1941-இல் தன் ஆட்களை ஒரு விமானத் தளத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே பி-38 என்ற போர் விமானம் நின்றது. அதற்கு இரட்டை வால். அதை மனதில் வைத்து, 1948-ஆம் ஆண்டு காடிலாக் காரின் பின்பக்கம் இரண்டு சிறு துடுப்புகளை முளைக்க வைத்தார்கள். முதலில் முகம் சுளித்தவர்களும் பிறகு விரும்பிக் கேட்டார்கள். துடுப்பு ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. 1959-ஆம் ஆண்டு காடிலாக்கில் அது ராக்கெட்டின் இறக்கை போல நிமிர்ந்து நின்றது. அந்தக் காரின் நீளம் ஏறக்குறைய 19 அடி! நம் நாட்டுச் சிறிய கார்கள் 13 அடிக்குள் அடங்கி விடுகின்றன.

அந்தத் துடுப்பால் கார் வேகமாக ஓடியதா? இல்லை. பெட்ரோல் மிச்சமானதா? அதுவும் இல்லை. அழகுக்காக மட்டும்தான். ஆண்டுதோறும் உருவத்தை மாற்றினால், போன வருடக் கார் பழசாகத் தெரியும், ஜனங்கள் புதிது வாங்குவார்கள். இதுதான் ஸ்லோனும் ஏர்லும் செய்த வியாபாரம். நன்றாக ஓடுகிற வண்டியைப் பழசு என்று நினைக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால், அந்தக் கார்களின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தைப் புரட்ட மனம் வருவதில்லை என்பதையும் ஒப்புக் கொள்கிறேன்.

1950-களில் மோட்டோராமா என்ற பெயரில் ஊர் ஊராகக் கார் கண்காட்சி நடந்தது. 1951-இல் ஏர்ல் உருவாக்கிய லெசேபர் என்ற காரில், கூரையைத் திறந்து வைத்திருக்கும்போது மழைத்துளி விழுந்தால் கூரை தானாகவே மூடிக்கொள்ளும்! 1953-இல் ஃபைபர் கிளாஸ் உடம்போடு கார்வெட் வந்தது. பார்த்தவர்கள் கொண்டாடியதால் அதே ஆண்டில் 300 கார்கள் செய்யப்பட்டன. ஃபயர்பேர்டு என்று மூன்று கார்கள் செய்தார்கள். முதலாவது, சக்கரம் வைத்த ஜெட் விமானமேதான். மூன்றாவதில் ஸ்டியரிங் வீலே கிடையாது, ஒரு சிறு கைப்பிடியால் ஓட்ட வேண்டும். பெண்களும் கார் ஓட்டுகிறார்கள், அவர்கள் யோசனையும் வேண்டும் என்று பெண் வடிவமைப்பாளர்களையும் அவர் வேலைக்குச் சேர்த்தார்.

1958-ஆம் ஆண்டு முடிவில் ஏர்ல் ஓய்வு பெற்றார். 1969 ஏப்ரல் 10-ஆம் தேதி புளோரிடாவில் காலமானார்.

அவருடைய கனவுக் கார்கள் என்ன ஆயின?

ஒய்-ஜாப், லெசேபர், ஃபயர்பேர்டுகள் எல்லாம் பத்திரமாகக் காப்பாற்றப்பட்டன. ஆனால், கண்காட்சி முடிந்த வேறு பல கார்களால் கம்பெனிக்கு இனி உபயோகம் இல்லை. உடைத்து விடும்படி உத்தரவு போனது. லட்சக்கணக்கானவர்கள் வாய்பிளந்து பார்த்த கார்களில் சிலவற்றுக்குப் புகைப்படம் மட்டுமே மிச்சம்.

1950-களின் கடைசியில் டெட்ராய்ட் நகரத்துக்கு வெளியே ஒரு காயலான் கடைக்கு நான்கு கனவுக் கார்கள் வந்தன. ஒன்று பிஸ்கேன், இரண்டு லாசால், ஒன்று காடிலாக். சிலவற்றை ரம்பத்தால் அறுத்தும் விட்டார்கள். ஆனால், முழுவதும் நசுக்கிப் போட அந்தக் கடைக்காரருக்கு மனம் வரவில்லை. துண்டுகளைக் கடையின் மூலையில் போட்டு வைத்தார். வெயிலிலும் பனியிலும் முப்பது வருடம் அவை அங்கேயே கிடந்தன.

1980-களின் கடைசியில் பழைய கார்களைச் சேகரிக்கும் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, நான்கையும் வாங்கிப் போனார். அறுந்த துண்டுகளைத் தரையில் பரப்பி, பழைய புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்து ஒன்றோடொன்று பொருத்தினார்கள். இல்லாத பாகங்களைப் புதிதாகச் செய்தார்கள். இதற்குப் பல வருடங்கள் பிடித்தன. 1955-இல் மோட்டோராமா மேடையில் நின்ற அந்தப் பிஸ்கேன், மறுபடியும் இளம்பச்சை வண்ணம் பூசிக்கொண்டு கண்காட்சிக்கு வந்தது.