பொறுத்திருந்து பெற்ற தலைமை: ஏர் மார்ஷல் சுப்ரதோ முகர்ஜி



ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பள்ளி நாட்களில் பந்து உதைத்தவர்கள் பலருக்கு சுப்ரதோ கோப்பை என்ற பெயர் பழக்கமானதுதான். ஆனால் அந்த சுப்ரதோ யார் என்று கேட்டால் நம்மில் பலபேர் முழிப்போம். இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி அவர்தான்.

1911 மார்ச் 5-ஆம் தேதி கல்கத்தாவில், படித்த வங்காளக் குடும்பத்தில் பிறந்தார். இந்தியர் யாரும் விமானப்படை அதிகாரியாக இல்லாத காலம் அது. இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் பயிற்சி பெறத் தேர்வான முதல் சில இந்தியரில் ஒருவராகி, 1932-இல் அதிகாரியானார். 1933 ஏப்ரல் 1-ஆம் தேதி கராச்சியில் நம் விமானப்படையின் முதல் பிரிவு தொடங்கியது. இருந்தது என்னவோ நாலே நாலு வாப்பிட்டி விமானம்தான். அதுவும் இறக்கைக்கு மேல் இறக்கை வைத்த பழைய ரகம். சேர்ந்து பயின்றவர்களில் இரண்டு பேர் தொடக்கத்திலேயே விபத்தில் போய்விட்டார்கள். இவர் பின்வாங்கவில்லை.

வடமேற்கு எல்லையில் பணியாற்றியபோது, பழங்குடிகள் முற்றுகையிட்ட ஒரு காவல் நிலையத்தில் துப்பாக்கி ரவை தீர்ந்துபோயிற்று. முகர்ஜி தன் விமானத்துத் துப்பாக்கியின் ரவைகளையே கழற்றி, காலுறைகளில் திணித்து, தாழப் பறந்து கீழே போட்டார். 1939-இல் ஒரு படைப்பிரிவுக்குத் தலைவரான முதல் இந்தியர் ஆனார். பின்னர் கோஹாட் விமான தளத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது.

போர் தொடங்கிய அந்த நாட்களில் இந்திய விமானப்படையின் கை நம்ம ஊர்வரை நீண்டது. கடலோரக் காவலுக்காகத் துறைமுக நகரங்களில் தன்னார்வ விமானிகளைக் கொண்ட சிறு பிரிவுகள் அமைந்தன. முதல் எண் பிரிவு பரங்கிமலையில் நின்றது. நம்ம துறைமுகத்துக்கு வெளியே விரிந்த கடலை அவர்கள் வானிலிருந்து கண்காணித்தார்கள்.

1947-இல் சுதந்திரம் வந்தது. தரைப்படைக்கு 1949 ஜனவரியில் கரியப்பா தலைவரானார். விமானப்படைக்கோ எல்ம்ஹர்ஸ்ட், ஐவ்லா சாப்மன், கிப்ஸ் என்று வரிசையாக மூன்று ஆங்கிலேயர்கள். முகர்ஜி துணைத் தலைவராக அவர்களுக்குக் கீழே வேலை பார்த்தார். சொந்த நாட்டில் இன்னொருவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பது சாதாரண விஷயமா? ஆனால் காரணம் இருந்தது. அது இளம் படை. பெரிய அளவில் நிர்வாகம் பார்த்த இந்திய அதிகாரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பிரிவினையில் படையும் இரண்டாகப் பிரிந்தது. காஷ்மீர்ப் போரும் வந்தது. அந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. தலைமையகத்து வேலையைக் கற்றார். இங்கிலாந்தின் இம்பீரியல் பாதுகாப்புக் கல்லூரிக்கும் போய்ப் படித்துவிட்டு வந்தார்.

1954 ஏப்ரல் 1-ஆம் தேதி பொறுப்பு அவர் கைக்கு வந்தது. நாலு விமானத்தோடு தொடங்கிய நாளிலிருந்து சரியாக 21 ஆண்டு! அப்போது அவருக்கு வயது 43. அவர் காலத்தில் மிஸ்டியர், ஹன்ட்டர், கான்பெரா போன்ற ஜெட் விமானங்கள் வந்து சேர்ந்தன. ஆவ்ரோ விமானத்தைக் கான்பூரிலேயே தயாரிக்கும் வேலையும் தொடங்கியது.

பள்ளிப் பிள்ளைகளுக்காக அகில இந்தியக் கால்பந்துப் போட்டி நடத்த வேண்டும் என்ற ஆசையும் அவருடையதே. 1960-இல் அது தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி, ஏர் இந்தியா விமானத்தில் ஜப்பானின் டோக்கியோ சென்றிருந்தவருக்கு, உணவு விடுதியில் சாப்பிடும்போது ஒரு கவளம் மூச்சுக்குழாயில் சிக்கியது. 49 வயதில் உயிர் பிரிந்தது. எல்லைப் போரில் தப்பியவரைச் சாப்பாட்டு மேஜையில் சாவு பிடித்தது. அடுத்த ஆண்டு கான்பூரிலிருந்து பறந்த முதல் ஆவ்ரோவுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

தம்பி தங்கைகளே! மணலியிலோ எண்ணூரிலோ துறைமுகத்திலோ வேலைக்குச் சேர்ந்து, மேலே இன்னொருத்தர் இருக்கிறாரே, நம்ம முறை எப்போ வரும் என்று சலிப்பு தட்டும்போது முகர்ஜியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆறரை ஆண்டு காத்திருந்தார். ஆனால் சும்மா காத்திருக்கவில்லை. முறை வந்தபோது, அந்த நாற்காலியில் உட்காரத் தகுதியோடு இருந்தார்.