வெறுங்காலுடன் கிளாஸ்கோ சென்ற முஹம்மது சலீம்

அல்லாஹ்வின் பேரருளால் நம் ஜமாஅத்தின் ஆண்டு மலரில் இமாம்கள், வள்ளல்கள், விடுதலைப் போரில் பங்கேற்ற பெரியவர்கள் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகள் இடம்பெறுவது வழக்கம். இம்முறை ஒரு கால்பந்தாட்டக்காரரைப் பற்றி எழுதப் புகுந்துள்ளேன். பள்ளிவாசல் மலரில் பந்தாட்டத்திற்கு என்ன இடம் என்று மூத்த ஜமாஅத்தார் சிலர் வினவக்கூடும். உடலை வலுப்படுத்தும் விளையாட்டை மார்க்கம் தடுக்கவில்லை. ஓட்டப் பந்தயமும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் ஊக்குவிக்கப்பட்டவையே. அவ்ரத்தை மறைத்தல், சூது கலவாதிருத்தல், தொழுகையின் நேரத்தைத் தவறவிடாதிருத்தல் ஆகியன அதற்குரிய நிபந்தனைகள். அஸருக்குப் பாங்கு சொல்லப்பட்ட பின்னரும் திடலில் பந்தை உதைத்துக் கொண்டிருக்கும் நம் மஹல்லா வாலிபர்கள் கடைசி நிபந்தனையைச் சற்று நினைவில் வைத்துக் கொண்டு மேலே வாசிப்பார்களாக.

முஹம்மது சலீம் 1904 ஆம் ஆண்டில், கல்கத்தாவின் மெட்டியாபுருஸ் பகுதியில், வசதி குறைந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். ஹூக்ளி ஆற்றங்கரையில் அமைந்த ஊர் அது. 1856 இல் ஆங்கிலேயர் அவத் நாட்டைப் பறித்துக் கொண்டபோது, அதன் கடைசி மன்னர் நவாப் வாஜித் அலீ ஷா வந்து தங்கி, 1887 இல் வஃபாத்தாகும் வரை வாழ்ந்த இடமும் அதுவே. நவாபைப் பின்தொடர்ந்து லக்னோவிலிருந்து பல குடும்பங்கள் அங்கு குடியேறின. ஊரை அடுத்துக் கப்பல் துறை இருந்தமையால், அப்பகுதியின் ஏழை முஸ்லிம்களில் பலர் கப்பல் வேலைக்குச் சென்று கடல் கடந்த நாடுகளைக் கண்டு திரும்பினர். அரசை இழந்த ஒரு மன்னரின் நினைவும், தொலைதூரத் துறைமுகங்களின் செய்தியும் ஒருங்கே உலவிய தெருக்களில் சலீம் வளர்ந்தார்.

அவர் ஏழு வயதுச் சிறுவராக இருந்தபோது, 1911 ஜூலை 29 அன்று, மோகன் பகான் கிளப் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2-க்கு 1 என்ற கோல் கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. மோகன் பகான் அணியின் பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். பூட்ஸ் அணிந்த வெள்ளைச் சிப்பாய்களை வெறுங்கால்கள் வென்றன என்ற செய்தி வங்காளம் முழுவதையும் உலுக்கியது. அவ்வெற்றியே சலீமின் உள்ளத்தில் பந்தாட்ட ஆசையை விதைத்தது. அந்த அணியில் ஆடியோர் ஏறக்குறைய அனைவரும் இந்துச் சகோதரர்கள் என்பதை இங்கு குறிப்பிடுவது பொருத்தமாகும். மெட்டியாபுருஸின் முஸ்லிம் சிறுவர் ஒருவர் அவர்களைத் தம்மவராகவே கண்டு பெருமிதம் கொண்டார்.

மருந்தாளுநர் தொழிலுக்குக் கல்வி பயின்ற அவரது கால்கள் திடலையே நாடின. 1926 இல் பௌபஜார் பகுதியிலிருந்த சித்தரஞ்சன் கிளப்பில் சேர்ந்தார். பிறகு முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப்பின் இரண்டாம் அணியில் சிறிது காலம் ஆடினார். அக்காலக் கல்கத்தா விளையாட்டுத் துறையில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த பங்கஜ் குப்தா அவரது திறமையைக் கண்டு, ஸ்போர்ட்டிங் யூனியன் அணிக்கு அழைத்துக் கொண்டார். பின்னர் ஈஸ்ட் பெங்கால், அதனையடுத்து ஆரியன்ஸ். 1934 இல், தம் முப்பதாவது வயதில், மீண்டும் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் அணிக்கே திரும்பினார். அவரது இடம் முன்வரிசையின் வலது ஓரம். எதிரணியின் இடப்புறக் காவலரை ஏமாற்றிக் கடந்து, நடுவில் நிற்போருக்குக் கோல் அடிப்பதற்கேற்பப் பந்தை அனுப்புவது அவ்விடத்தில் ஆடுபவரின் பணி. கோல் அடித்தவரின் பெயரைத்தான் மக்கள் கூவுவர். பந்தைக் கொண்டு வந்து கொடுத்தவரை ஆட்டம் அறிந்தோரே கவனிப்பர். சலீம் வாழ்நாள் முழுதும் அத்தகைய கொடுப்பவராகவே ஆடினார்.

முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப் 1891 இல் கல்கத்தா முஸ்லிம்களால் நிறுவப்பட்டது. நெடுங்காலம் கீழ்ப் பிரிவுகளிலேயே உழன்ற அக்கிளப் 1934 இல் முதல் டிவிஷனில் நுழைந்தது. நுழைந்த ஆண்டிலேயே லீக் பட்டத்தை வென்றது. 1898 இல் தொடங்கிய கல்கத்தா லீக்கை அதுவரை ஐரோப்பியர் அணிகளும் இராணுவ அணிகளுமே வென்று வந்தன. அப்பட்டத்தை வென்ற முதல் இந்திய அணி முஹம்மதன் ஸ்போர்ட்டிங்தான். அதனோடு நிற்காமல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டத்தைத் தக்க வைத்தது. 1936 இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டையும் சேர்த்து வென்றது. வங்காளத்தோடு நில்லாமல் பெங்களூர் முதலிய தொலைவிடங்களிலிருந்தும் ஆட்டக்காரர்களைத் தேடிக் கொணர்ந்தமையும், மழையில் திடல் சேறாகும் நாட்களில் ஆட்டக்காரர்களுக்குப் பூட்ஸ் அணிவித்தமையும் இவ்வெற்றிகளுக்கான காரணங்களில் முக்கியமானவை. காவல் வரிசையில் ஜும்மா கான் சுவராக நிற்க, முன்வரிசையில் சலீமும் அவருடைய தோழர்களும் பாய்ந்து சென்றனர். கல்வியிலும் அரசுப் பணியிலும் பின்தங்கி மனம் தளர்ந்திருந்த சமுதாயத்திற்கு அது எத்தகைய ஊக்கத்தைத் தந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் அதே வெற்றிகளைச் சிலர் வகுப்புப் பூசலுக்கு எண்ணெயாக ஊற்றினர் என்பதும் வரலாறே. விளையாட்டின் வெற்றியைச் சமுதாயப் பகையாக மாற்றிய அந்தப் போக்கு இரு தரப்புக்கும் கேடாகவே முடிந்தது.

இங்கு ஒன்றை விளக்க வேண்டும். அக்காலக் கல்கத்தாவில் பந்தாட்டம் ஊதியத் தொழிலாக இருக்கவில்லை. ஆட்டக்காரர்கள் ஏதேனும் வேலை பார்த்துக் கொண்டு மாலையில் ஆடினர். ஸ்காட்லாந்திலோ 1893 முதல் அது ஊதியம் பெறும் தொழிலாக அங்கீகரிக்கப்பட்டிருந்தது. ஆகவே கடல் கடந்து சென்று ஆடுவது என்பது சலீமுக்குப் புகழ் மட்டும் சார்ந்த ஒன்றன்று. ரிஸ்க்கின் வாசலும் கூட.

அவ்வாசல் 1936 இல் திறந்தது. பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் சென்று கொண்டிருந்த சீன அணி வழியில் கல்கத்தாவில் இறங்கி, இந்திய ஆட்டக்காரர்களுடன் இரண்டு காட்சி ஆட்டங்கள் ஆட ஏற்பாடாயிற்று. முதல் ஆட்டத்தில் சலீம் சிறப்பாக ஆடினார். இரண்டாவது ஆட்டத்திற்கு முன்பாக அவரைக் காணவில்லை. செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்துத் தேடினர் என்றும், காவல்துறைக்கும் தெரிவிக்கப்பட்டது என்றும் கூறுவர். அவரோ அதற்குள் கப்பலில் இருந்தார். பிரிட்டனில் வசித்த ஹாஷிம் என்னும் உறவினர் அப்போது ஊருக்கு வந்திருந்தார். ஸ்காட்லாந்துப் பத்திரிகைகள் அவரைச் சகோதரர் என்றே எழுதின. அவரே சலீமின் ஆட்டத்தைக் கண்டு, ஐரோப்பாவில் முயன்று பார்க்குமாறு தூண்டி, உடன் அழைத்துச் சென்றவர். ஒப்புக்கொண்ட ஓர் ஆட்டத்தைச் சொல்லாமல் விட்டுச் சென்றது முறையாகாது. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்கள் என்று அவர் அஞ்சியிருக்கலாம். எனினும் கொடுத்த வாக்கு ஓர் அமானத். நல்லோரின் வரலாற்றை எழுதும்போது இத்தகையவற்றை மறைப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அஃது அவர்களுக்கும் நன்மை செய்வதில்லை.

ஹாஷிம் அவரை அழைத்துச் சென்ற இடம் கிளாஸ்கோ நகரின் செல்டிக் கிளப். அக்கிளப்பின் பிறப்பை அறிந்தால் வாசகர்கள் வியப்பர். அயர்லாந்தின் பஞ்சத்தால் விரட்டப்பட்டு வந்து, கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வறுமையில் வாடிய கத்தோலிக்கக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டும் பொருட்டு, வால்ஃப்ரிட் என்ற துறவி 1887 இல் அதனை நிறுவினார். பந்தாட்ட நுழைவுக் கட்டணத்தைக் கொண்டு பசித்த குழந்தைகளுக்குச் சோறிடுவது அதன் ஆரம்ப நோக்கம். பெரும்பான்மையினரால் அந்நியராகப் பார்க்கப்பட்ட ஒரு சிறுபான்மை மக்களின் கிளப்பிலிருந்து, அதே நிலையிலிருந்த மற்றொரு மக்களின் கிளப்பிற்கு சலீம் சென்று சேர்ந்தார். இஃது அவர் திட்டமிட்டது அன்று, அல்லாஹ்வின் நாட்டம்.

செல்டிக் அப்போது ஸ்காட்லாந்தின் லீக் வெற்றியாளர். 1897 முதல் அதன் மேலாளராக இருந்தவர் வில்லி மேலி. இந்தியாவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், அவர் பூட்ஸ் அணியாமல் ஆடுவார் என்று ஹாஷிம் தெரிவித்தபோது மேலி நம்ப முடியாமல் நகைத்தார் என்பர். எனினும் விரட்டவில்லை, ஆடிக் காட்டுமாறு கூறினார். கிளப் உறுப்பினர்களும் பயிற்சியாளர்களும் பார்த்திருக்க, சலீம் பந்தைத் தம் விரல்களால் உருட்டியும் நிறுத்தியும் தட்டியும் காட்டினார். மேலி இசைந்தார். அக்கிளப்பின் பழைய ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான ஜிம்மி மெக்மெனமி குனிந்து சலீமின் பாதங்களில் துணிக்கட்டுப் போடும் புகைப்படம் ஒன்று இன்றும் கிடைக்கிறது. ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒரு முதியவர், ஆளப்படும் நாட்டைச் சேர்ந்த ஒருவரின் கால்களைக் கையில் ஏந்தியிருக்கும் காட்சி அது. 1936 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதை மனத்திற்கொண்டு அதனை நோக்க வேண்டும்.

முதல் அணிக்கு அடுத்த நிலையிலிருந்த அலையன்ஸ் அணியில் அவருக்கு இடம் அளிக்கப்பட்டது. இரண்டு ஆட்டங்கள். ஹாமில்டன் அணிக்கு எதிராக 5-க்கு 1, கால்ஸ்டன் அணிக்கு எதிராக 7-க்கு 1 என்று செல்டிக் வென்றது. கால்ஸ்டனுடன் ஆடியது 1936 ஆகஸ்ட் 28, வெள்ளிக்கிழமை மாலை. மறுநாள் பத்திரிகைகள் அவரது பாதங்களைப் பற்றியே எழுதின. பெருவிரலில் பந்தை நிறுத்திச் சிறுவிரல் வரை உருட்டுவதையும், ஒற்றைக் காலில் துள்ளிக் காவலரைச் சுற்றிக் கடப்பதையும் வியந்தன. ஏழு கோல்களில் மூன்று அவரது நகர்வுகளிலிருந்து விளைந்தவை என்று கணக்கிட்டன. மற்றொன்றும் எழுதின. பெனால்டி உதையை அடிக்குமாறு தோழர்கள் அவரை அழைத்தபோது, கூச்சமாக இருக்கிறது என்று கூறி மறுத்துவிட்டாராம். ஆங்கிலம் அறியாத அவருக்காக ஹாஷிம் மொழிபெயர்த்தார். ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரிக்கும் திடலில், எளிதாகக் கிட்டும் புகழை நாணத்தால் விட்டுக் கொடுத்த அம்மனிதரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

துணைக்கண்டத்திலிருந்து சென்று ஓர் ஐரோப்பியக் கிளப்பின் சீருடையை அணிந்த முதல் ஆட்டக்காரர் என்று விளையாட்டு வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுகின்றனர். ஆனால் சில மாதங்களிலேயே அவரது உள்ளம் வாடியது. மொழி தெரியாது. குளிர் கடுமை. உணவு வேறு. கிளாஸ்கோவின் மத்தியப் பள்ளிவாசல் எழுந்ததே 1980களில்தான் எனில், 1936 இல் பாங்கொலி கேளாத அந்நகரின் மாலைகள் அவருக்கு எவ்வாறு கழிந்திருக்கும்! வளைகுடா நாடுகளில் பல்லாண்டுகள் உழைத்துத் திரும்பிய நம் ஜமாஅத்துச் சகோதரர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. பணம் இருந்தும் மனம் ஒட்டாத நாட்கள் அவை. தங்கிவிடுமாறு கிளப் அவரை வற்புறுத்தியது. ஜெர்மனியிலிருந்தும் அழைப்பு வந்ததாகக் கூறுவர். சலீம் ஊர் திரும்புவதென முடிவு செய்தார்.

அவரைத் தடுத்து நிறுத்தும் முயற்சியாகச் செல்டிக் ஓர் உதவி நிதி ஆட்டத்தை நடத்தி, வசூலில் நூற்றுக்கு ஐந்து விழுக்காட்டை அவருக்கு வழங்க முன்வந்தது என்றும், அஃது எவ்வளவு என்று அறியாமலேயே, ஆட்டத்தைக் காண அழைக்கப்படும் யத்தீம் குழந்தைகளுக்குத் தம் பங்கை அளித்துவிடுமாறு அவர் சொல்லிவிட்டார் என்றும் அவருடைய குடும்பத்தார் வழியாக ஒரு செய்தி வந்துள்ளது. தொகை 1,800 பவுன் என்று பின்னர் அறிந்து திகைத்தாராம். ஆயினும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. மத்ரஸாவில் அறிவிப்பாளர் வரிசையை ஆராயப் பழகிய எனக்கு, இந்தத் தொகை மட்டும் நெருடுகிறது. ஐந்து விழுக்காடு 1,800 எனில் முழு வசூல் 36,000 பவுனாகும். தலைக்கு ஒரு ஷில்லிங் என்று வைத்தால் ஏழு இலட்சத்து இருபதாயிரம் பேர் வந்திருக்க வேண்டும். 1937 இல் கிளாஸ்கோவின் ஹாம்டன் திடலில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதியதைக் காணத் திரண்ட பெருங்கூட்டமே ஏறத்தாழ ஒன்றரை இலட்சம்தான். வாய்மொழியில் வரும்போது எண்கள் வளர்வது இயல்பு. தொகையைப் பெரிதாக்கிச் சொல்வதால் தர்மம் பெரிதாகிவிடாது. ஊர் திரும்பும் ஏழை ஒருவர் தமக்குரியதை அந்நிய நாட்டு யத்தீம்களுக்கு, அவர்களின் மதம் என்னவென்று வினவாமல், விட்டுச் சென்றார் என்ற அளவில் இச்செய்தியை ஏற்பதே நேர்மை. ஒரு காட்சி ஆட்டத்தின் வாக்கைக் காற்றில் விட்டுச் சென்றவர், யத்தீம்களுக்குச் சொன்ன வாக்கில் உறுதியாக நின்றார்.

கல்கத்தா திரும்பிய சலீம் மீண்டும் முஹம்மதன் ஸ்போர்ட்டிங்கின் கறுப்பு வெள்ளைச் சீருடையை அணிந்தார். 1937, 1938 ஆகிய ஆண்டுகளின் லீக் பட்டங்களும் அக்கிளப்புக்கே கிடைத்தன. அதன்பின் வயதின் காரணமாக ஆட்டத்திலிருந்து விலகினார். வெறுங்கால் ஆட்டமும் அவருக்குப் பின் நீண்ட காலம் நீடிக்கவில்லை. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியர் பலர் வெறுங்காலுடன் ஆடிப் பிரான்சிடம் 2-க்கு 1 எனத் தோற்றனர். 1952 இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-க்கு 1 எனத் தோற்ற பின்னர் பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. சலீமின் பாதங்கள் கற்றிருந்த அந்தக் கலைக்குத் திடலில் இடமில்லாமற் போயிற்று.

பெரும் செல்வம் ஏதும் அவரிடம் சேரவில்லை. முதுமையில் நோயுற்றபோது, அவருடைய மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். தந்தையின் நிலையைக் கூறி, மருத்துவத்திற்குப் பணம் தேவைப்படுகிறது என்று அதில் குறிப்பிட்டார். பணம் பெறுவது தம் நோக்கமன்று என்றும், நாற்பது ஆண்டுகளுக்கு முன் இரண்டே ஆட்டங்கள் ஆடிய ஒருவரை அவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்களா என அறியவே எழுதியதாகவும் அவர் பின்னர் தெரிவித்துள்ளார். பதில் வந்தது. உறையினுள் நூறு பவுனுக்கான வங்கி வரைவோலையும் இருந்தது. சலீம் 1980 இல் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அந்த வரைவோலையை அவர் மகன் மாற்றிச் செலவிடவில்லை. தந்தையின் நினைவாக வீட்டிலேயே பத்திரப்படுத்தி வைத்துக் கொண்டார்.