சேர் ஜகதீஷ் சந்திர போஸ்

மட்டக்களப்பு வாவியின் ஒரு கரையில் ஒரு மின்சுருளையும் மறு கரையில் இன்னொன்றையும் வைத்து, இடையே கம்பியின்றி ஒரு மின்குமிழை எரிக்க முடியுமா? முடியாது என்றே கூறவேண்டும். இடைத்தூரம் கூடும்போது கிடைக்கும் சக்தி மிக விரைவாகக் குறைந்துவிடும். இந்த இழப்பைக் குறைப்பதற்கு இக்கால விஞ்ஞானிகள் நாடும் செயற்கைக் கட்டமைப்புப் பொருள்களுக்கு முன்னோடியான ஒன்றை, 1898ஆம் ஆண்டிலேயே சணல் நாரினால் ஆக்கிக்காட்டியவர் ஜகதீஷ் சந்திர போஸ் ஆவார்.

இவர் 1858 நவம்பர் 30ஆம் திகதி, இன்று பங்களாதேசம் எனப்படும் பகுதியில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க உயர் அதிகாரி. அக்காலத்தில் அத்தகையோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கே அனுப்பினர். அவரோ மகனை முதலில் தாய்மொழிப் பாடசாலையில் சேர்த்தார். அங்கே ஜகதீஷின் பக்கத்தில் இருந்து படித்தவர்களுள் ஒருவன் மீனவர் மகன். நீர்வாழ் உயிரினங்கள் பற்றி அவன் கூறிய கதைகளே இயற்கையை ஆராயும் ஆர்வத்தைத் தம்முள் விதைத்தன என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு இது புதுமையாக இராது.

கல்கத்தாவிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் கற்று, 1885இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியல் ஆசிரியரானார். ஐரோப்பியருக்குக் கொடுத்ததிலும் குறைந்த சம்பளமே அவருக்குத் தரப்பட்டது. அவர் வேலையை விடவில்லை, சம்பளத்தைத் தொடவுமில்லை. குடும்பம் கடனில் இருந்தபோதும் மூன்று ஆண்டுகள் ஊதியமின்றிக் கற்பித்தார். இறுதியில் நிருவாகம் இணங்கி, முழுச் சம்பளத்தையும் நிலுவையுடன் வழங்கியது.

கல்லூரியின் ஒரு சிறு அறையே அவரது ஆய்வுகூடம். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளைக் கொண்டு தூரத்திலிருந்த மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்தார். மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மணியை ஒலிக்கச் செய்த சக்தி அங்கிருந்த மின்கலத்தினுடையது. அலை அதன் சுற்றை மூடியது மட்டுமே. எனவே இதனை மின்வலுக் கடத்தல் என எழுதுவது பிழையாகும்.

அவர் பயன்படுத்திய அலைகள் மில்லிமீற்றர் அளவினவை. 60 கிகாஹேர்ட்ஸ் மீடிறனுக்கு அலைநீளம் 5 மில்லிமீற்றர் எனக் கணித்துப் பாருங்கள். அலை சிறிதாயின் கருவியும் சிறிதாகும். அதனாலேயே மேசைமீது பரிசோதனைகளைச் செய்ய முடிந்தது. 1898இல், வலைக்கயிறு திரிப்பதுபோல் சணல் நார்க்கட்டுகளை முறுக்கி அலையின் பாதையில் வைத்தார். அலையின் முனைவாக்கத் தளம் திரும்பியது! முறுக்கை எதிர்ப்பக்கமாக மாற்றியபோது தளமும் எதிர்ப்பக்கம் திரும்பியது. ஆகவே இவ்வியல்பைத் தந்தது சணலன்று, அதன் முறுக்கு வடிவமே.

இக்கருத்தே இன்றைய செயற்கைக் கட்டமைப்புப் பொருள்களின் அடிப்படை. அலைநீளத்திலும் மிகச் சிறிய செப்புத் தடங்களை ஒரு பலகையில் வரிசையாகப் பதித்து இரு சுருள்களுக்கும் இடையே வைத்தால், தூரத்துடன் நலியும் காந்தப்புலம் மீண்டும் வலுப்பெறும். 2007இல் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தினர் அத்தகைய பலகையின்றி, 2 மீற்றர் தூரத்தில் 60 உவாற்று மின்குமிழை ஏறத்தாழ 40% வினைத்திறனுடன் எரித்தனர். அதாவது 150 உவாற்று செலுத்தி 90 உவாற்றை இழந்தனர். 2011இல் வெளியான வேறோர் அமெரிக்க ஆய்வில், இடையே இத்தகைய பலகையை வைத்தபோது வினைத்திறன் கணிசமாக உயர்ந்தது. போஸ் இப்பயனை எண்ணிச் சணலை முறுக்கவில்லை. சீனிக் கரைசல் ஒளியைத் திருப்பும் விதத்தை விளங்கிக்கொள்ளவே முயன்றார்.

காப்புரிமை பெறுவதில் விருப்பமற்ற அவர், நண்பர்களின் வற்புறுத்தலால் கலேனாப் பளிங்கு அலையுணரிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பின்னர் தாவரங்களின் தூண்டற்பேற்றை ஆராய்ந்தார். 1917இல் சேர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் கல்கத்தாவில் போஸ் நிறுவகத்தைத் தொடங்கினார். 1920இல் இலண்டன் றோயல் கழக அங்கத்தவரானார். 1937 நவம்பர் 23ஆம் திகதி, 79ஆவது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னர், கிரிடி என்னுமிடத்தில் காலமானார். அவரது கருவிகள் பல அந்நிறுவகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.