நேரலையில் ஒரு குரல்: மேரி கொல்வினும் மன்னார் வீதியும்

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் நோக்கி வரும் ஏ14 வீதியில், வவுனியா வீதி வந்து சேரும் இடம் பறயனாலங்குளம். இன்று மன்னார் பஸ்கள் அங்கே ஒரு நிமிடம் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போய்விடும். 2001 ஏப்ரல் 16 அன்று இரவு அந்தப் பக்கத்துக் காட்டில்தான் மேரி கொல்வின் தன் இடது கண்ணை இழந்தார். வன்னிக்குள் இருந்து அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வர முயன்றபோது இராணுவம் சுட்டது. கூட வந்தவர்கள் சிதறிவிட்டார்கள். இருளில் நிலத்தோடு நிலமாகக் கிடந்தவர், தான் ஊடகவியலாளர், அமெரிக்கப் பிரஜை என்று ஆங்கிலத்தில் உரத்துக் கத்தினார். அதற்குப் பிறகும் குண்டொன்று வந்து வெடித்தது. சன்னம் கண்ணிலும் உடலிலும் பாய்ந்தது.

அவர் தொலைக்காட்சி நிருபர் அல்ல. லண்டனிலிருந்து வரும் சண்டே டைம்ஸ் என்ற ஞாயிறு பத்திரிகைக்கு எழுதியவர். வாரத்துக்கு ஒருமுறை அச்சாகும் தாளுக்கு எழுதும் ஒருவரை வைத்துக்கொண்டு போர்க்கால நேரலையைப் பற்றிப் பேசுவது விசித்திரமாகத் தெரியலாம். ஊடகக் கல்வி படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த உதாரணம் வேறு. 1991 ஜனவரியில் பாக்தாத்தில் குண்டு விழ விழ, அல்-ரஷீத் ஹோட்டல் அறையிலிருந்து சிஎன்என் நிருபர்கள் மூவர் பேசிய நேரலை அது. உலகமே பார்த்தது என்று சொல்வார்கள். உண்மையில் அந்த முதல் மணித்தியாலங்களில் பார்க்க அதிகம் இருக்கவில்லை, கேட்கத்தான் இருந்தது. இந்தச் சின்ன விவரத்தை வகுப்பில் யாரும் பெரிதுபடுத்தவில்லை. எனக்கு அது முக்கியமாகப்பட்டது கொல்வினின் வாழ்க்கையை வாசித்த பிறகுதான்.

1956 ஜனவரி 12 அன்று நியூயோர்க்கில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தார். ஹிரோஷிமாவில் உயிர் பிழைத்தவர்களின் கதைகளை எழுதிய ஜோன் ஹேர்ஸி அங்கே நடத்திய வகுப்பு அவரைப் பத்திரிகைப் பக்கம் திருப்பியது. யுபிஐ செய்தி நிறுவனத்தில் சேர்ந்து பாரிஸ் போனார். 1986 இல், அமெரிக்கா லிபியாவில் குண்டு போட்ட நாட்களில், கடாபியைச் சந்தித்து எழுதியதோடு பெயர் வெளியே தெரிந்தது. பிறகு சண்டே டைம்ஸ். 1987 இல் பெய்ரூத்தின் பூர்ஜ் அல்-பராஜ்னே அகதி முகாம் முற்றுகைக்குள் போனார். உணவு தேடி வெளியே வந்த பெண்களைக் குறிசுடுநர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சுடப்பட்ட ஓர் இளம் பெண்ணைப் பற்றி அவர் எழுதினார். அந்த முகாமைச் சுற்றி வந்து நின்று முற்றுகையை முடித்துவைத்தது சிரிய இராணுவம். இருபத்தைந்து வருடம் கழித்து அவர் எந்த இராணுவத்தின் ஷெல்லில் இறந்தார் என்பதை நினைத்தால் இந்தத் தகவலைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஆனால் நேரலை என்ற விடயத்துக்கு 1999 செப்டெம்பர்தான் முக்கியம். கிழக்குத் திமோர் மக்கள் ஆகஸ்ட் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் இந்தோனேசியாவிலிருந்து பிரிந்து போகத் தீர்ப்பளித்தார்கள். உடனே இந்தோனேசிய இராணுவத்தின் ஆதரவுடன் இயங்கிய ஆயுதக் குழுக்கள் தலைநகர் டிலியைக் கொளுத்தத் தொடங்கின. ஐ.நா. வளாகத்துக்குள் 1,500 பேர் வரை, பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், மதில் ஏறிக் குதித்துத் தஞ்சமடைந்திருந்தார்கள். ஐ.நா. தன் ஆட்களை எடுத்துக்கொண்டு வெளியேற ஆயத்தமானது. வெளிநாட்டு ஊடகவியலாளர்களில் அநேகமானோர் போய்விட்டார்கள். கொல்வின் போகவில்லை. அவரும் இன்னும் சிலரும் அந்தச் சனங்களோடு இருந்தார்கள். அங்கிருந்து அவர் தன் பத்திரிகைக்கு மட்டும் எழுதவில்லை, தொலைக்காட்சிகளுக்கும் பேசினார். ஐ.நா. போனால் இந்தச் சனங்களுக்கு என்ன நடக்கும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஐ.நா. முடிவை மாற்றிக்கொண்டது. சில நாட்களில் எல்லோரையும் அவுஸ்திரேலியாவின் டார்வினுக்குக் கொண்டுபோனார்கள்.

இதை ஒரு வீரக் கதையாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அப்போது இந்தோனேசியா பொருளாதார நெருக்கடியில் கடன் கேட்டு நின்றது. அவுஸ்திரேலியா பக்கத்தில் இருந்தது. வளாகத்துக்குள் இருந்த ஐ.நா. ஊழியர்கள் பலரே வெளியேற மறுத்தார்கள். குரல் போய்ச் சேர்ந்த இடத்தில் எதையாவது செய்யக்கூடியவர்கள் இருந்தார்கள், செய்யாவிட்டால் அவர்களுக்கு வெட்கக்கேடும் இருந்தது. ஆனால் அந்தக் குரல் இல்லாவிட்டால் அந்த நெருக்குதலும் வந்திருக்காது.

இரண்டு வருடத்துக்குள் அவர் எங்கள் பக்கம் வந்தார். 2001 இல் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் வன்னிக்குள் போவதை அரசாங்கம் தடுத்து வைத்திருந்தது. பொருளாதாரத் தடையில் மருந்தும் எரிபொருளும் இல்லாமல் லட்சக்கணக்கான சனங்கள் அங்கே இருந்தார்கள். 1999 நவம்பரில் மடுத் தேவாலயத்தில் தஞ்சமிருந்தவர்கள் மீது ஷெல் விழுந்து நாற்பது பேர் வரை இறந்ததை உலகத் தொலைக்காட்சிகள் எதுவும் நேரலையில் காட்டவில்லை. கொல்வின் அனுமதியில்லாமல், புலிகளின் வழிகாட்டலில் உள்ளே போனார். இதைச் சொல்லித்தான் அரசாங்கம் அவரைக் குறை கூறியது. வழிகாட்டுபவர் காட்டுவதைத்தானே பார்க்க முடியும் என்ற கேள்வி நியாயமானது, அதை நானும் கேட்பேன். ஆனால் வாசலைப் பூட்டிவைத்தவர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அதன் கனம் குறைந்துவிடுகிறது.

காயத்தோடு கொழும்புக்கும், பிறகு சத்திரசிகிச்சைக்காக நியூயோர்க்குக்கும் கொண்டுபோகப்பட்டார். கண் பார்வை திரும்பவில்லை. படுக்கையில் இருந்தபடியே அந்த வாரப் பத்திரிகைக்கு மூவாயிரம் சொற்கள் எழுதி அனுப்பினார். அதன்பின் கறுப்புக் கண்மறைப்பு அவருடைய அடையாளமாகிவிட்டது. தமிழர்கள் நடுவில் அவர் பெயர் அறிமுகமானதும் அப்போதுதான். அதிகம் பேசப்படாதது மற்றது. நித்திரையில் திரும்பத் திரும்ப வந்த அந்த இரவு, குடி, மனநெருக்கீட்டுக்கு எடுத்த வைத்தியம். இவற்றோடுதான் மீண்டும் ஈராக்குக்குப் போனார், காசாவுக்குப் போனார்.

2007, 2008 இல் போர் மன்னார்க் கரையில்தான் சூடு பிடித்தது. செப்டெம்பரில் சிலாவத்துறை, அடுத்த மேயில் அடம்பன், ஜூலையில் விடத்தல்தீவு என்று ஒவ்வொன்றாக இராணுவம் பிடித்தது. நான் அப்போது மன்னார்த் தீவில் பாடசாலை மாணவன். எங்கள் வீட்டில் இரவுச் செய்தியை யாரும் தவறவிடுவதில்லை. விடத்தல்தீவு பிடிபட்ட செய்தியை அரச தொலைக்காட்சி காட்டியபோது அம்மம்மா கதிரையைத் தொலைக்காட்சிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டா. பெரியம்மாவின் வீடு அந்த ஊரில். படையினர் வரிசையாக நடந்தார்கள், கொடி ஏறியது, பின்னால் இசை போனது. அம்மம்மா கூரைகளை எண்ணிக்கொண்டிருந்தா. ஒரு மனிதர், ஒரு நாய் கூடத் திரையில் வரவில்லை. சனங்கள் எங்கே என்று அந்தச் செய்தியில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே கிழக்கே போய்விட்டார்கள். அந்த ஏப்ரலில் மடு மாதாவின் சொரூபத்தையே குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சனங்கள் இருந்த பக்கத்தில் புலிகளின் தொலைக்காட்சி இருந்தது. அது ஷெல்லில் செத்தவர்களைக் காட்டியது. பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளையும், தப்பி வர முயன்றபோது சுடப்பட்டவர்களையும் காட்டவில்லை. இரண்டு பக்கமும் கமரா இருந்தது. இரண்டு கமராவும் துப்பாக்கி வைத்திருந்தவர்களின் தோளுக்குப் பின்னால் இருந்தன.

2008 செப்டெம்பரில் ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டன. சுதந்திரமான ஊடகம் எதற்கும் அனுமதியில்லை. 2009 ஜனவரியில் கொழும்புக்கு அருகே சிரச தொலைக்காட்சியின் கலையகம் தாக்கப்பட்டது, இரண்டு நாள் கழித்து லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். மே மாதம் சனல் 4 குழுவை நாடு கடத்தினார்கள். இத்தனைக்கும் நடுவே உள்ளேயிருந்து நேரலையில் வந்தது அரச மருத்துவர்கள் சிலரின் குரல். தொலைபேசியில் பிபிசிக்கும் அல்ஜசீராவுக்கும் எண்ணிக்கைகளைச் சொன்னார்கள், மருந்து இல்லை என்றார்கள். போர் முடிந்ததும் அவர்களைத் தடுத்து வைத்தார்கள். ஜூலையில் கொழும்பில் கமராக்களுக்கு முன்னால் இருத்தினார்கள். அங்கே அவர்கள் முன்பு சொன்னதை மறுத்தார்கள். தடுப்புக்காவலில் உள்ளவரை கமரா முன் இருத்தி எடுத்த அந்தச் செய்தியாளர் மாநாடுதான் அந்த வருடத்தின் மிகத் தெளிவான, வெளிச்சம் நிறைந்த ஒளிபரப்புகளில் ஒன்று.

கொல்வினிடமும் ஒரு குரல் வந்தது. மே 17 இரவு, புலிகளின் அரசியல் பொறுப்பாளர் நடேசனும் சமாதானச் செயலகப் பொறுப்பாளர் புலித்தேவனும் செய்மதித் தொலைபேசி வழியாக அவரைத் தொடர்புகொண்டபடி இருந்தார்கள். சரணடைய வேண்டும், உயிருக்கு உத்தரவாதம் வேண்டும் என்று கேட்டார்கள். அவர் அதைக் கொழும்பில் இருந்த ஐ.நா. அதிகாரி விஜய் நம்பியாருக்குத் தெரிவித்தார். வெள்ளைக்கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும் என்ற பதில் திரும்பி வந்தது. 18 ஆம் திகதி காலை இருவரும் உயிரோடு இல்லை. எப்படி இறந்தார்கள் என்பதில் அரசாங்கத்தின் விளக்கம் ஒன்று, அவர் தனக்குத் தெரிந்ததை வைத்து அடுத்த ஞாயிறு எழுதியது வேறொன்று. டிலியில் அவர் சனங்களோடு உள்ளே நின்று பேசினார். முள்ளிவாய்க்காலில் உள்ளே நின்று பேச ஒருவரும் விடப்படவில்லை. 19 ஆம் திகதி ஜனாதிபதி பாராளுமன்றத்தில் ஆற்றிய வெற்றி உரை நேரலையில் போனது, அதில் சில வரிகள் தமிழிலும் இருந்தன.

2012 பெப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் பாபா அம்ர் பகுதி முற்றுகையில் இருந்தது. விசா கிடைக்காததால் லெபனான் எல்லையால் இரகசியமாகப் புகுந்து, நீர்க் குழாய்ச் சுரங்கம் ஒன்றுக்குள் குனிந்து நடந்து அவரும் படப்பிடிப்பாளர் போல் கொன்ராயும் உள்ளே போனார்கள். பெண்களும் பிள்ளைகளும் நிறைந்த ஒரு நிலவறையைப் பற்றி எழுதிய கட்டுரை 19 ஆம் திகதி வெளியானது. வெளியே வந்துவிட்டவர்கள் மீண்டும் உள்ளே போனார்கள்.

21 ஆம் திகதி ஒரு குழந்தை நெஞ்சில் சன்னம் பட்டு, வைத்தியம் செய்ய வழியில்லாமல் இறப்பதைக் கொல்வின் பக்கத்தில் நின்று பார்த்தார். அன்று செவ்வாய்க்கிழமை. அவருடைய பத்திரிகை வருவதற்கு ஐந்து நாள் இருந்தது. அந்த இரவே பிபிசி, சனல் 4, சிஎன்என் மூன்றிலும் பேசினார். திரையில் உள்ளூர் இளைஞர்கள் எடுத்த குழந்தையின் காட்சி ஓடியது, பேசியவரின் முகம் தெரியவில்லை. நான் அந்தப் பதிவைப் பலமுறை கேட்டிருக்கிறேன். குரல் உயரவில்லை. தான் பார்த்ததைச் சொல்கிறார், பாபா அம்ருக்குள் ஆயுததாரிகளின் இலக்குகள் மட்டுமே தாக்கப்படுகின்றன என்ற அரசின் கூற்று ஏன் பொய் என்பதை இடம், கட்டடம், எண்ணிக்கை என்று விளக்குகிறார். குழந்தையின் காட்சியைக் காட்டத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு, காட்ட வேண்டும் என்பதே அவர் பதில். இந்த ஒன்றில் எனக்குத் தயக்கம் உண்டு. எங்கள் சனங்களின் உடல்களை எத்தனையோ அலைவரிசைகள் எத்தனையோ முறை காட்டிவிட்டன. ஆனால் அவர் அந்தக் காட்சியைத் தூரத்தில் இருந்து வாங்கிப் போடவில்லை, அந்தப் பிள்ளை மூச்சுவிடப் பட்ட பாட்டை நேரில் பார்த்தவர்.

நான் ஒரு செய்தி அலைவரிசைக்குச் சில காலம் வேலை செய்தபோது, நேரலை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில் வாகனத்தால் இறங்கி, ஊரின் பெயரைக் கமராக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மைக்கைப் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படம் துல்லியமாக இருக்கும், ஒலியும் சுத்தம். கொல்வினின் அந்த இரவு ஒலிபரப்பு தொழில்நுட்பத்தில் அதற்குக் கிட்டவும் வராது.

மறுநாள் காலை, பெப்ரவரி 22, அவர்கள் தங்கியிருந்த ஊடக மையத்தின் மீது ஷெல்கள் விழுந்தன. கொல்வினும் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஒக்லிக்கும் இறந்தார்கள். கொன்ராய் காலில் பெருங்காயத்தோடு சுரங்கத்தால் வெளியே கொண்டுவரப்பட்டார். 2019 ஜனவரியில் வொஷிங்டன் நீதிமன்றம், இது ஊடகவியலாளர்களைக் குறிவைத்து சிரிய அரசு செய்த கொலை என்று தீர்ப்பளித்து, 30 கோடி டொலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. அவர்களுடைய செய்மதித் தொடர்புகளைக் கண்காணித்தும், உளவாளிகளை வைத்தும் அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பது அங்கே முன்வைக்கப்பட்ட சாட்சியம். சிரியா அந்த வழக்குக்கு வரவேயில்லை.

மார்ச் முதலாம் திகதி பாபா அம்ர் இராணுவத்திடம் வீழ்ந்தது. மார்ச் 12 அன்று அவர் வளர்ந்த லோங் ஐலண்டின் ஒய்ஸ்டர் பே ஊரில் இறுதித் திருப்பலி நடந்தது. குடும்பத்தாரும் பத்திரிகைக்காரர்களும் வந்திருந்த அந்தத் தேவாலயத்துக்கு, அமெரிக்காவில் வாழும் எங்கள் தமிழர்கள் சிலரும் போயிருந்தார்கள்.